சாலைக் கடைத்தெருவும் ஹார்விபுரக் குன்றும்

நமது சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை ஆண்டுதோறும் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். பெயர்கள் அவ்வாறே இருக்கின்றன. முகவரிகள் மாறி வருகின்றன. வலியசாலை, கரமனை, கோட்டை, சாலை என்றிருந்தவை வட்டியூர்க்காவு, நேமம், மலையின்கீழ், நெடுமங்காடு என்று திருத்தி எழுதப்படுகின்றன. "இத்துணைத் தொலைவு ஏன் சென்றீர்கள்?" என்று அன்பர்களை வினவினால் எல்லோரும் ஒரே விடையைத்தான் கூறுகின்றனர். "அடுக்குமாடி வீட்டில் மேலே நாற்காலி இழுக்கும் ஓசை, கீழே லாரி ஓசை, பக்கத்தில் தொலைக்காட்சி ஓசை, அங்கே போனால் அமைதி கிடைக்கிறது" என்பதே அவ்விடை.

அமைதியை வேண்டுவது குற்றமன்று. பகல் முழுதும் இருப்புப்பாதை அலுவலகத்தில் வண்டி ஓசைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஏடு எழுதும் நமக்கு அதன் அருமை நன்கு தெரியும். ஆயினும், இரைச்சலை விட்டு அமைதியை நாடிய பெரியோர் சிலர் வரலாற்றில் உளர். அவருள் தலையாய ஒருவர் நமது நகரிலேயே வாழ்ந்தவர். அவர்கள் எதை விட்டுச் சென்றனர், எதைத் தம்முடன் கொண்டு சென்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல், இன்று வீடு மாற்றும் நமக்கு மிகவும் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சாலை என்னும் சொல்

முதற்கண் வலியசாலை என்னும் பெயரையே நோக்குவோம். சாலை என்றால் இன்று நமக்குப் பெருவழியும் கடைத்தெருவுமே நினைவுக்கு வருகின்றன. பண்டைக் காலத்தில் தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் சாலை என்பது மாணவர் உண்டு உறைந்து கல்வி பயின்ற நிலையத்தைக் குறித்தது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் அவன் தொடக்ககாலச் செயலாகச் சொல்லப்படுவது காந்தளூர்ச் சாலையைப் பற்றியதாகும். அக்காந்தளூர் நமது வலியசாலையே என்பாரும், விழிஞத்தை அடுத்த ஓரிடம் என்பாரும் உளர். அங்கே சோழன் செய்தது கடற்படை வெற்றியா, வேறொன்றா என்பதிலும் அறிஞர்கள் வேறுபடுவர். திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்களும் காந்தளூர்ச் சாலையைக் குறித்து ஆராய்ந்து எழுதியுள்ளார். வலியசாலையில் உள்ள மகாதேவர் ஆலயம் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தச் சாலை எத்தகையது என்பதை மற்றொரு சாசனத்தால் ஒருவாறு அறியலாம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஒரு கோயிலும் சாலையும் நிறுவினான். அச்சாலை காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது. 95 மாணவர்க்கு இடமளித்தது. அங்கே சண்டையிட்டுக் கொள்வோர்க்குத் தண்டமும் விதிக்கப்பட்டிருந்தது. கல்விக்கு அடக்கமான சூழல் வேண்டும் என்பதை 1100 ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயினும் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு மாணவனைத் தனியே ஒரு குடிலில் அமர்த்தி அவர்கள் கல்வி புகட்டவில்லை. 95 பேரை ஒருங்கே உண்ணவும் உறையவும் ஓதவும் செய்தனர். அவர்கள் வேண்டிய அமைதி, கூடி வாழ்வோரின் ஒழுங்காகிய அமைதி.

தெருவில் பெருகிய ஓசை

காலம் மாறிற்று. கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. அவருடைய திவானாகிய இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். கரமனையாற்றிலும் கிள்ளியாற்றிலும் வந்த சரக்குகள் அங்கே இறங்கின. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், துணி, பாத்திரம் எனப் பல பண்டங்களை விற்கத் தமிழ் வணிகர் வந்தனர். அரண்மனையிலும் கோயிலிலும் பணிபுரிவோரும், கணக்கரும், சமையற்காரரும், இசைவாணரும் வந்தனர். வலியசாலை, கரமனை, கோட்டை ஆகிய இடங்களில் அக்கிரகாரத் தெருக்கள் நீண்டன.

1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு இருப்புப்பாதை வந்தது. அப்போது வண்டி நகரின் ஓரத்தில் சாக்கையோடு நின்றுவிட்டது. 1931இல் அது தம்பானூர் வரை நீண்டு, நகரின் நடுவுக்கே வந்து சேர்ந்தது. 1979இல் நாகர்கோவிலோடு இணைப்பும் ஏற்பட்டது. நமது தொழிலே நகரின் இரைச்சலை ஒரு பங்கு கூட்டியது என்றால் அன்பர்கள் நம்மைக் கோபித்துக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம்.

வலியசாலைத் தெரு வீடுகளின் அமைப்பை இளைஞர்கள் அறிந்து கொள்ளல் நன்று. இரு வரிசை வீடுகள், நடுவே தெரு. முன்புறம் திண்ணை, அதன்பின் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை. ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆதலால் ஒரு வீட்டில் அம்மி அரைத்தால் மறு வீட்டில் கேட்கும். ஒரு வீட்டுக் குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்தால் மூன்றாம் வீட்டுப் பாட்டி தவற்றைத் திருத்துவார். சண்டையும் கேட்கும், தாலாட்டும் கேட்கும், ஒப்பாரியும் கேட்கும். விடியுமுன் கடைத்தெருவுக்கு மூட்டை இறக்க வரும் வண்டிகளின் ஓசை வேறு. இவ்வளவையும் சகித்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்.

அந்த ஓசையெல்லாம் எந்த மொழியில் இருந்தது? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா. வெளியே அரசு அலுவலும் பள்ளியும் மலையாளத்தில் நடந்தன. தெருவின் ஓசையோ தமிழாக இருந்தது. எந்தத் தாயும் தன் குழந்தைக்குத் தமிழ் கற்பிக்கத் தனி நேரம் ஒதுக்கவில்லை. பொதுச்சுவரே ஆசிரியராக நின்று கற்பித்தது.

குன்றை நாடிய பேராசிரியர்

இனி, இரைச்சலை விட்டுச் சென்ற பெரியாரைப் பற்றிக் கூறுவோம். மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். வணிகத்தின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பம் அது. நம்மைப் போன்றே அவரும் பிற மண்ணில் பிறந்த தமிழர் என்பதை நினைவிற் கொள்க. நெல்லை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய பின், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். அப்பதவியில் அவருக்கு முன் இருந்தவர் இராபர்ட் ஹார்வி என்னும் பேராசிரியர்.

பின்னர்த் திருவிதாங்கூர் மன்னர் அவருக்குப் பேரூர்க்கடைக் குன்றில் நிலம் வழங்கினார். கோட்டையிலிருந்து நெடுமங்காடு செல்லும் வழியில் உள்ளது அக்குன்று. மோட்டார் வண்டி இல்லாத அந்நாளில் அது நகருக்குப் புறத்தே இருந்த நாட்டுப்புறம். அங்கே அவர் இல்லம் அமைத்தார். அவ்விடத்துக்குத் தம் பெயரையோ குலத்தின் பெயரையோ சூட்டாமல், ஹார்வியின் நினைவாக ஹார்விபுரம் என்று பெயரிட்டார். நன்றி மறவாமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

குன்றின் மேல் வீடு கிடைத்தவுடன் உலகை மறந்து ஒதுங்கியவரல்லர் அவர். 1885இல் அவர் நகரில் நிறுவிய சைவப் பிரகாச சபை அவருக்குப் பின்னும் நிலைத்து நின்றது. கல்லூரி மாணவர்க்குத் தத்துவம் கற்பித்தார். ஊர் ஊராகக் கல்வெட்டுகளைத் திரட்டிப் படித்து, திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலரது காலத்தை வரையறுத்து 1894இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். திருஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து எழுதினார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகத்தின் தொடக்கத்தில் தமிழ்த் தெய்வத்தை வாழ்த்திப் பாடினார். அவ்வாழ்த்தின் பகுதியைத் தமிழக அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் ஒவ்வொரு விழாவிலும் எழுந்து நின்று பாடப்பெறும் வாழ்த்தை எழுதியவர், ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழர்! 1897இல், தம் 42ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

அமைதிக்கும் ஆயுள் உண்டு

ஹார்விபுரத்தின் பிற்கால வரலாறு நமக்கு மற்றொரு பாடத்தைப் புகட்டும். சுந்தரம் பிள்ளையவர்களின் மைந்தர் பி. எஸ். நடராஜ பிள்ளையவர்கள், பொறுப்பாட்சிக்காகத் திருவிதாங்கூரில் நடந்த போராட்டத்தில் ஈடுபட்டார். திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயரின் ஆட்சியில் ஹார்விபுரம் பறிமுதல் செய்யப்பட்டது. தந்தைக்கு ஒரு மன்னர் அன்புடன் அளித்ததை, மைந்தர் காலத்தில் அரசே எடுத்துக் கொண்டது.

நாடு விடுதலை பெற்றபின், 1954இல் பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவையில் நடராஜ பிள்ளையவர்கள் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சரானார். நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டு வந்தார். அப்போதும் அவர் ஓலை வேய்ந்த எளிய வீட்டிலேயே வாழ்ந்தார் என்றும், பறிபோன குடும்பச் சொத்தைத் திரும்பப் பெற மறுத்தார் என்றும் இந்நகரப் பெரியோர் பெருமையுடன் கூறுவர். 1962இல் திருவனந்தபுரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1966இல் மறைந்தார். பேரூர்க்கடை அரசுப் பள்ளி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

பேரூர்க்கடையோ இப்போது நகரின் பகுதியாகிவிட்டது. சந்திப்பில் பேருந்துகள் ஒலியெழுப்புகின்றன. நூறு ஆண்டுக்கு முன் அமைதிக்கு உறைவிடமாக இருந்த குன்றுக்கும் இரைச்சல் வந்து சேர்ந்தது. இன்று நாம் தேடிச் செல்லும் புறநகருக்கும் நாளை அது வந்தே தீரும். ஆகவே, இடத்தின் அமைதியை மட்டும் நம்பி வாழ்வை அமைத்தல் உறுதியானதன்று.

பல்லாவரத்து இல்லம்

சுந்தரம் பிள்ளையவர்களைக் காண 1895ஆம் ஆண்டளவில் நாகப்பட்டினத்திலிருந்து 19 வயது இளைஞர் ஒருவர் திருவனந்தபுரத்துக்கு வந்தார். வேதாசலம் என்பது அவர் பெயர். பேராசிரியரின் அன்புக்குப் பாத்திரமாகி, இந்நகரப் பள்ளியொன்றில் சிறிது காலம் தமிழும் கற்பித்தார். அவரே பிற்காலத்தில் மறைமலையடிகள் என்று தமிழுலகம் போற்றும் பெரியார்.

அடிகள் 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அக்கல்லூரி அந்நாளில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, வண்டியும் வணிகமும் நெருங்கிய பகுதியில் இருந்தது. 1911இல் அப்பணியைத் துறந்து, சென்னைக்கு வெளியே பல்லாவரத்தில் குடியேறினார். வியப்பு என்னவெனில், அவர் விட்டு வந்த கல்லூரியும் 1937இல் நகரின் நெருக்கத்தைத் துறந்து, பல்லாவரத்துக்குத் தெற்கே தாம்பரத்துக்குப் பெயர்ந்தது!

பல்லாவரத்தில் அடிகள் செய்தவை யாவை? சமரச சன்மார்க்க நிலையம் நிறுவினார். அதுவே பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனப்பட்டது. அச்சகம் அமைத்தார், பெரியதொரு நூல்நிலையம் திரட்டினார். அவ்வில்லத்தில், 1916இல், தம் மகள் நீலாம்பிகையாருடன் தமிழ்ப் பாடலொன்றின் சொற்களைப் பற்றி உரையாடிய போதுதான் தனித்தமிழ் எண்ணம் உருப்பெற்றது என்பர். அம்மகளாருக்கு அப்போது வயது 13 அளவே. அமைதியான வீடு தானாகவே தமிழை வளர்த்துவிடவில்லை. தந்தை பேசினார், மகள் கேட்டார், மறுமொழி கூறினார். அதனாலன்றோ தமிழ் வளர்ந்தது! நகரத்து ஓசை நின்ற இடத்தில் அவர்கள் தமது ஓசையை நிரப்பினர்.

1950இல் அடிகள் மறைந்தார். அவர் சேர்த்த நூல்கள் பல்லாவரத்து அமைதியிலேயே உறங்கிவிடவில்லை. 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையமாக அவை மக்களுக்குத் திறக்கப்பட்டன. அத்தெரு எது? அடிகள் விட்டு வந்த அதே நெருக்கடி மிக்க சென்னைப் பகுதியில் உள்ள வணிகத் தெரு! பின்னாளில் அந்நூல்நிலையம் கன்னிமரா நூலக வளாகத்துக்கு மாறியது. அமைதியில் விளைந்த பயன் தெருவுக்கே திரும்பி வந்தது என்பதை நோக்குக.

அமெரிக்க அறிஞர் தோரோவையும் இங்கே குறிப்பிடலாம். 1845 முதல் 1847 வரை வால்டன் என்னும் குளக்கரையில் சிறு குடில் கட்டித் தனியே வாழ்ந்தவர் அவர். அவரும் அடிக்கடி காங்கார்டு என்னும் தம் ஊருக்கு நடந்து சென்று, ஊராருடன் அளவளாவியே வந்தார். தனிமையைப் புகழ்ந்தவரும் தெருவை அடியோடு மறக்கவில்லை.

கடையிலிருந்தே எழுதியவர்

நம்மவர் சிலர், "இரைச்சலில் எவ்வாறு ஐயா எழுதவும் படிக்கவும் இயலும்?" என்பர். அவர்களுக்கு நமது சாலைக் கடைத்தெருவே விடை கூறும். எழுத்தாளர் ஆ. மாதவன் 1934இல் பிறந்து, சாலையில் கடை நடத்திக் கொண்டே தமிழ்ச் சிறுகதைகளும் புதினங்களும் எழுதினார். சுமை தூக்குவோரும் சிறு வணிகரும் தெருவில் அலைவோரும் அவர் கதைமாந்தர் ஆயினர். அவர் தொகுதியொன்றின் பெயரே 'கடைத்தெருக் கதைகள்'. 2015இல் 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2021இல் மறைந்தார். பிறர் காதைப் பொத்திக் கொண்ட ஓசையை அவர் காது கொடுத்துக் கேட்டார். அதனைத் தமிழாக்கித் தந்தார். அமைதி கிடைத்தால் மட்டுமே தமிழ்த்தொண்டு செய்யலாம் என்று காத்திருப்போர் இவரை நினைத்தல் தகும்.

ஆண்டுக்கொரு முறை திரும்பும் வழி

தலைநகர் பெயர்ந்த செய்தியை முன்னர்க் கூறினோம். அரசர் பெயர்ந்தார், பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவி அங்கேயே தங்கினாள். ஆயினும் உறவு அறுந்து போகவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் எழுந்தருள்கின்றனர். சரசுவதி கோட்டையில் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்கிப் பூசை ஏற்கின்றனர். விழா முடிந்தபின் வந்த வழியே மீள்கின்றனர். 1956இல் மாநில எல்லை மாறி, பத்மநாபபுரமும் சுசீந்திரமும் தமிழகத்தைச் சேர்ந்த பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. இடம் பெயர்வோர் உறவை எவ்வாறு காக்க வேண்டும் என்பதை நம் வலியசாலைக்கு அருகிலேயே ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறோம்.

நாம் செய்யத் தக்கவை

அன்பர்காள்! இவ்வரலாறுகளால் நாம் அறிவது ஒன்றே. பிற மண்ணில் வாழும் தமிழர் இரைச்சலை விட்டு ஓடும்போது, அந்த இரைச்சலின் ஒரு பகுதியாகிய தாய்மொழியையும் தம்மை அறியாமலே விட்டு ஓடுகின்றனர். வலியசாலையில் குழந்தையின் காதில் கூலியின்றி விழுந்த தமிழ், தோட்டம் சூழ்ந்த தனி வீட்டில் விழாது. அங்கே அண்டை வீட்டாரின் நல்ல மலையாளம் கேட்கும். அதனையும் நாம் மதித்துக் கற்றல் வேண்டும். பெற்றோர் அலுவலிலிருந்து களைத்து வந்து கைப்பேசியோடு அமர்ந்துவிட்டால், அவ்வீட்டில் தமிழுக்கு இடமேது? பாட்டியின் திருத்தமும், திண்ணைப் பேச்சும், பொதுச்சுவரின் பாடமும் போய்விட்டன. அவற்றின் பணியை இனிப் பெற்றோரும் சங்கமுமே மேற்கொள்ள வேண்டும்.

வலியசாலைத் தெருவின் நிலையையும் மறைக்க வேண்டுவதில்லை. திண்ணை இருந்த இடத்தில் கடை வருகிறது. பழைய வீடு விற்கப்பட்டு இடிக்கப்படும்போது அடுத்த வீட்டின் சுவர் தனியே நிற்கிறது. பெருங்கூடங்களில் முதியோர் இருவர் மட்டும் வாழ்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை, முன்பு தொல்லையாக இருந்த அண்டை வீட்டு ஓசை இன்று கிடைக்காத துணையாயிற்று. அமைதி எல்லோர்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று.

ஆகவே, புறநகருக்குப் பெயர்ந்த அன்பர்களை நாம் வேண்டிக் கொள்வது இதுவே. ஒரே திசையில் வாழும் நான்கைந்து குடும்பங்கள் திங்களுக்கு ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் கூடுக. பிள்ளைகள் அன்று உரத்த குரலில் தமிழ் படிக்கட்டும். இரவு உணவின்போது கால் மணி நேரம் தமிழில் கதை பேசுக. ஆண்டு விழாவுக்கு மட்டுமன்றி, திங்கள்தோறும் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்து வலியசாலைக்கு வருக. தெருவில் தனித்திருக்கும் முதியோரிடம் அவர்களைப் பேச விடுக. கற்பிக்கும் ஆசை முதியோர்க்கு உண்டு. கேட்கும் காது பிள்ளைகளுக்கு வேண்டும்.

புது வீட்டில் அமைதி பெற்றோரை மனமார வாழ்த்துகிறோம். நோயின்றி உறங்குக, மரம் நடுக, கிணற்று நீர் பருகுக. சுந்தரம் பிள்ளையவர்கள் குன்றையும் சபையையும் ஒருங்கே பேணியதுபோல நாமும் இரண்டையும் பேணுவோமாக. நம் வீடுகள் அமைதியாக இருக்கட்டும். ஊமையாக இருத்தல் வேண்டா.

வாழ்க தமிழ்! வளர்க நமது சங்கம்!